அந்த மூணு இஞ்சு

மௌனமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அந்த இடத்துல நான் ரேடியோவுல ஸ்டேஷனை மாத்துனேன். அவ்வளவுதாம்மா விஷயம். இதைக் கேக்கவா மெட்ராஸ்ல இருந்து பஸ் ஏறி வந்தீங்க?

உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இந்த நாற்காலிக்கு வாங்க. துணிய அங்கிட்டுத் தள்ளிக்கிடுங்க, நாளைக்குக் குடுக்க வேண்டிய பள்ளிக்கூட யூனிபாரம். உங்க படப் புஸ்தகத்தைக் குடுங்க பாப்போம். அடேயப்பா, என்ன தாளு! வழவழன்னு. ‘குகநேசன்: ஒலிக்கோடுகள்.’ தலைப்பு நல்லா வச்சிருக்கீங்க. அவன் தலைப்பெல்லாம் வைக்கல, தேதி மட்டும் போடுவான். இருங்க, கண்ணாடிய மாட்டிக்கிடுதேன். ‘நடுவில் ஓவியர் விட்டிருக்கும் வெற்றிடம், ஒரு இனத்தின் மௌனம்.’ ம். எழுதினவரு நல்லாத்தான் எழுதியிருக்காரு. அவரு ரேடியோ கேட்டதே இல்லைன்னு மட்டும் தெரியுது.

கடைசிப் பக்கத்துல நன்றின்னு பதினோரு பேரு போட்டிருக்கீங்க. லிங்கதுரைன்னு ஒரு பேரு இல்ல. பரவாயில்ல. அதுக்காக நான் சொல்லல. ஆனா இல்ல, பாத்துக்கிடுங்க.

நான் யாருன்னு சொல்லிருதேன். டெய்லர் லிங்கதுரைன்னா இந்த மெயின் ரோட்டுல எல்லாருக்கும் தெரியும். ஆனா லெட்டர் பேடுல நான் வேற ஆளு. ‘நீலக்கடல் சர்வதேச வானொலி நேயர் மன்றம், செயலாளர் ஆ. லிங்கதுரை.’ ரப்பர் ஸ்டாம்பு உண்டு. உறுப்பினர் முப்பத்திரண்டு பேரு. யாரு யாருன்னு கேக்காதீங்க. எம் பொண்டாட்டி, மச்சினன், செத்துப்போன மாமனாரு, எங்க வீட்டு ஆடு செல்வி, எல்லாரும் உறுப்பினர்தான். சிரிங்க, சிரிங்க. சிற்றலையில தமிழ் பேசுற வெளிநாட்டு ஸ்டேஷன் அப்ப எத்தனையோ உண்டு. ஒரு ஆளு கடிதம் எழுதுனா ஒரு வாட்டிதான் பேரு வாசிப்பான். முப்பத்திரண்டு பேரு எழுதுனா? ‘செல்வி லிங்கதுரை அவர்களே, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ன்னு ஆட்டுக்கே ஒருத்தன் நன்றி சொல்லியிருக்கான். கல்யாணமாகாத பொண்ணுன்னு நெனச்சிட்டான்!

எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்குறவன் வாயில நம்ம பேரு வர்றது இருக்கே, அது ஒரு போதைம்மா. சத்தம் ஏறும், இறங்கும், காத்து அள்ளிட்டுப் போன மாதிரி மறையும், திரும்ப வரும். அந்த இரைச்சலுக்குள்ள இருந்து நம்ம பேரு வரும். ஊருக்குள்ள எனக்கு என்ன பேரு? ‘ஏ டெய்லரு, பட்டன் தைச்சிட்டியா?’ அவ்வளவுதான். அங்க நான் திரு ஆ. லிங்கதுரை.

சரி, குகநேசனுக்கு வாரேன்.

தொண்ணூத்தாறுல, ஊருக்கு வெளிய பழைய பஞ்சு குடோனுல அகதி முகாம் போட்டாங்க. ஒருநாள் சாயங்காலம் ஒல்லியா ஒரு ஆளு கடை வாசல்ல நிக்கான். துணி தைக்க வந்தவன் மாதிரி இல்ல. கையில ஒண்ணும் இல்ல. “அண்ணை, உங்கட ரேடியோவில காணாமல் போன ஆக்களின்ர பேர் வாசிக்கிற நிகழ்ச்சி எடுபடுமோ?”ன்னு கேட்டான்.

எனக்குத் தெரியாத நிகழ்ச்சியா? சனிக்கிழமை ஆறேகால் மணிக்கு ஒரு வெளிநாட்டு ஸ்டேஷன்ல வரும், கால் மணி நேரம். சண்டையில பிரிஞ்சுபோனவங்க ஒருத்தரை ஒருத்தர் தேடுறது. ஒரு அம்மாதான் வாசிக்கும். முதல்ல யாரைத் தேடுறாங்கன்னு பேரு, பொறவு தேடுறவங்க இப்ப எங்க இருக்காங்க, கடைசியில தேடுறவங்க பேரு. இந்த வரிசையிலதான் வாசிக்கும். வரிசைய ஞாபகம் வச்சுக்கிடுங்க.

அவன் யாழ்ப்பாணத்துல சித்திர வாத்தியாரா இருந்தவன். கடல் தாண்டும்போது ஒரு படகுல இவன் ஏறிட்டான். பொண்டாட்டி லோஜினியும் மக தர்சிகாவும் பின்னால இன்னொரு படகுல வரணும். புள்ளைக்கு அப்ப நாலு வயசு. அந்தப் படகு வரல. கரையிலேயே திருப்பிட்டாங்கன்னு ஒருத்தன் சொன்னான், கவுந்துட்டுன்னு இன்னொருத்தன் சொன்னான். முகாம் ஆபீசுல எழுதிக் குடுத்தான், எத்தனையோ பேருக்குக் கடிதம் போட்டான். ஒண்ணும் தெரியல. கடைசியா இந்த ரேடியோதான் பாக்கி.

“உள்ள வா தம்பி”ன்னேன். வாரா வாரம் வந்தான். அந்தா, அந்த வெட்டுற மேசை ஓரத்துலதான் உக்காருவான். இவன் பேரு வருமான்னு அவன் உக்காந்திருப்பான், என் பேரு வருமான்னு நான் உக்காந்திருப்பேன். நான் சொல்லுதேன்ம்மா, ரெண்டு பேரும் ஒரே காரியத்துக்குத்தானே உக்காந்திருந்தோம்?

படம் வரைய ஆரம்பிச்சது என் கடைத் தாளுலதான். நாங்க அளவு வெட்டுறதுக்குக் காக்கித் தாளு வச்சிருப்போம். முதல் ரெண்டு மூணு வாரம் சும்மா கேட்டான். கை மட்டும் மேசையில கிடக்குற நூலைப் பிச்சுக்கிட்டே இருக்கும். பாக்க சகிக்காம ஒரு துண்டுத் தாளையும் மார்க் போடுற சாக்குக் கட்டியையும் தள்ளிவிட்டேன். “கைக்கு ஒரு வேலை குடு தம்பி”ன்னேன். அப்படி ஆரம்பிச்சதுதான் நீங்க இன்னைக்கிக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. இதை உங்க புஸ்தகத்துல யாராவது எழுதியிருக்காங்களா?

எப்படி வரைவான்னு கேளுங்க. என் இஞ்சு டேப்ப வச்சு, நிமிஷத்துக்கு ஒரு இஞ்சுன்னு பதினஞ்சு இஞ்சுக்குத் தாளு. சுவர்க் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே இடது கையால தாளை இழுப்பான், வலது கை கேக்குறதை வரையும். ஸ்டேஷன் விசிலடிச்சா மெல்லிசா ஒரு கோடு மேல ஏறும். பக்கத்து ஸ்டேஷன்காரன் வந்து இடிச்சா தடிப்பா ஒரு மேடு. சத்தம் தேஞ்சு போனா சாக்கைப் படுக்க வச்சு இழுப்பான், புகை மாதிரி வரும். இதெல்லாம் என்னன்னு சொல்லிக்குடுத்தது நான். இது இயற்கை, இது எவனோ வேணும்னே போடுற இடைஞ்சல், இது நம்ம எதிர்த்த வீட்டு மிக்சின்னு. மிக்சிக்கும் ஒரு நெளிவு உண்டு, எட்டாம் பக்கத்துல இருக்கு பாருங்க. உங்க ஆளு அதுக்குக் கீழ ‘போரின் அதிர்வு’ன்னு போட்டிருக்காரு. சட்னி அரைச்சதும்மா அது.

ஒவ்வொரு பேரு வாசிக்கும்போதும் ஒரு பொட்டு வைப்பான். சின்னப் பொட்டு. அந்தப் பொட்டை வைக்கும்போது மட்டும் மூச்சை நிறுத்திக்கிடுவான். “ஒவ்வொண்டும் ஒரு வீடு அண்ணை”ம்பான். கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தா இரைச்சல் பூராவும் கடலா இருக்கும், அதுக்குள்ள பொட்டுப் பொட்டா ஆளுங்க தலை. பாத்துட்டு மிஷினுக்குப் போயிருவேன்.

ஒரு வருஷத்துக்கு மேல இப்படியே போச்சு. தொண்ணூத்தேழு ஆகஸ்டுல இன்னொரு ஸ்டேஷன்காரன் நேயர்களுக்கு ஓவியப் போட்டி வச்சான். ‘வானொலியும் நானும்.’ நான் குகநேசன் படம் ஒண்ணை அனுப்புனேன். ஆமா, என் பேருலதான். மன்றச் செயலாளர் பேருலதான் போகணும், அதான் முறை. அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சேன். “ஆற்ற பேரெண்டாலும் போடுங்கோ அண்ணை, எனக்கு இதாலே என்ன?”ன்னான். ஒரு வார்த்தை கேக்காம அனுப்புற ஆளு நான் இல்ல.

அக்டோபர் இருபத்தஞ்சாந்தேதி, சனிக்கிழமை. உங்க புஸ்தகத்துல இந்தப் படத்துக்கு அந்தத் தேதிதான் போட்டிருக்கு. அன்னைக்கி அந்தப் போட்டி முடிவு சொல்லுறான். எத்தனை மணிக்கு? அதே ஆறேகாலுக்கு. நான் என்ன செய்ய? ரேடியோ ஒண்ணுதான் இருக்கு.

நான் அவசரப்படல. அஞ்சு நிமிஷம் அவன் நிகழ்ச்சியைத்தான் வச்சிருந்தேன். பதினாலோ பதினஞ்சோ பேரு வாசிச்சாச்சு, அவன் பொட்டு வச்சுக்கிட்டே வாரான். அந்நேரம் அங்க என் பேரைச் சொல்லிட்டா? வாழ்நாளுக்கும் ஒருதரம் வர்ற பரிசு. “ஒரு நிமிஷம்டே தம்பி, இந்தா வந்துருதேன்”னு முள்ளைத் திருப்பிட்டேன். என் மூஞ்சியப் பாத்தான். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் திருப்பியிருப்பேனா? கடை என் கடை, ரேடியோ என் ரேடியோ, அவன் எப்படிச் சொல்லுவான்னு இப்பத் தோணுது. அப்பத் தோணல.

சாக்குக் கட்டியத் தாளுல படாமத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்தான். இடது கை மட்டும் கடிகாரத்தைப் பாத்துத் தாளை இழுத்துக்கிட்டே இருந்துச்சு, பழக்கம்.

முதல் பரிசும்மா! ‘இந்தியா, நீலக்கடல் சர்வதேச வானொலி நேயர் மன்றம், செயலாளர் திரு ஆ. லிங்கதுரை.’ ஒரு எழுத்து விடாம. நான் கத்திட்டேன். கத்திரிக்கோல் கீழ விழுந்துச்சு. எம் பொண்டாட்டி உள்ள இருந்து ஓடியாந்தா. பொறவுதான் இவன் ஞாபகம் வந்து முள்ளைத் திருப்புதேன், அந்தப் பாழாப்போன ரேடியோவுல முள்ளு இழுக்குற நூலு வழுக்குது. தாண்டிப் போகுது, திரும்ப வருது. பிடிக்கிறேன். அந்த அம்மா குரல் வருது:

‘...லோஜினி, மகள் தர்சிகா. அடுத்த பெயர்...’

நான் மணி பாத்தேன். மூணு நிமிஷம். மூணே மூணு நிமிஷம், தாளுல மூணு இஞ்சு.

குகநேசன் எந்திரிச்சு நின்னுட்டான். “அண்ணை, இருக்கினம்! ரெண்டு பேரும் உயிரோட இருக்கினம்!” சிரிக்கான், அழுகுதான், என்னைக் கட்டிப்பிடிக்கான். எம் பொண்டாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு “அக்கா, என்ர பிள்ளை இருக்குது”ங்கான். எனக்கும் அழுகை வந்துட்டு. ஒரே நாள்ல ரெண்டு பேரு வீட்டுலயும் நல்ல சேதின்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்.

கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் கேட்டான். மெதுவாத்தான் கேட்டான். “எங்க இருக்கினம் எண்டு சொன்னவையோ அண்ணை?”

எங்க இருக்காங்கங்கிறது பேருக்கு முன்னாலயே வந்து போயிட்டு. நான்தான் சொன்னேனே, வரிசைன்னு.

“ஒண்ணும் கவலைப்படாத, அடுத்த சனிக்கிழமை திரும்ப வாசிப்பான்”னேன். பொய் இல்ல. எந்தப் பேரையும் ரெண்டு வாரம் வாசிக்கிறதுதான் வழக்கம். ஆனா பாருங்க, சிற்றலைக்குப் பருவம் உண்டு. மார்ச்சு கடைசி ஞாயித்துக்கிழமையும் அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமையும் உலகம் பூரா எல்லா ஸ்டேஷனும் டயல்ல இருக்குற இடத்தை மாத்துவான், நேரத்தை மாத்துவான், நிகழ்ச்சியையும் மாத்துவான். இந்த ஜில்லாவுலயே அது தெரிஞ்ச ஆளு நான் ஒருத்தன்தான். மறுநாள் அந்த ஞாயித்துக்கிழமை. பரிசு வந்த சந்தோசத்துல எனக்கு அது மறந்தே போச்சு.

அடுத்த சனிக்கிழமை அந்த இடத்துல வெறும் இரைச்சல். அவன் பதினஞ்சு இஞ்சுக்கும் இரைச்சலையே வரைஞ்சான். ஒரு பொட்டு இல்ல. நான் எல்லா அலைவரிசையிலயும் தேடுனேன். மூணாவது வாரம் வேற நேரத்துல ஸ்டேஷனைப் பிடிச்சிட்டேன். எவ்வளவு சிரமம் தெரியுமா? ஆனா நிகழ்ச்சி இல்ல. குளிர்காலப் பட்டியல்ல அதை எடுத்துட்டான்.

உடனே கடிதம் போட்டேன். நானே போட்டேன், என் செலவுல. முறையா லெட்டர் பேடுல, ஸ்டாம்பு வச்சு. வெளிநாட்டு ஸ்டேஷனுக்கு எப்படி எழுதணும்னு ஒரு இது இருக்கும்மா. எடுத்த எடுப்புல கேள்வி கேக்கக் கூடாது. மன்ற உறுப்பினர் முப்பத்திரண்டு பேரும் உங்க நிகழ்ச்சிய விரும்பிக் கேக்குறோம், ஒலி எப்படி, இடைஞ்சல் எப்படி, ஒலித் தரத்துக்கு அஞ்சு நம்பருல மார்க்கு, வாசிப்பாளர் குரல் இனிமை, எல்லாம் எழுதி, மூணாவது பக்கம் கடைசியில லோஜினி விஷயத்தைக் கேட்டிருந்தேன்.

டிசம்பர்ல பதில் வந்துச்சு. வரலைன்னு யாரும் சொல்ல முடியாது. அழகான அட்டை. ஒரு அருவி, பக்கத்துல பனி விழுந்த மரம். பின்னால ‘உங்கள் ஒலி அறிக்கை சரி பார்க்கப்பட்டது, நன்றி’ன்னு அச்சடிச்சிருந்துச்சு. அந்த மாதிரிக் கடிதம் வந்தா அந்த மாதிரி அட்டைதான் அனுப்புவாங்க. அட்டை அனுப்புறவன் மூணாம் பக்கம் வரைக்கும் படிக்க மாட்டான் போல.

குகநேசன் அந்த அட்டையத் திருப்பித் திருப்பிப் பாத்தான். அருவிப் பக்கம், எழுத்துப் பக்கம். “இது என்ன இடம் அண்ணை? அவை இஞ்சயோ இருக்கினம்?”னு கேட்டான். இல்ல தம்பி, இது சும்மா படம்னேன். என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை திட்டல. அது இன்னும் எனக்குள்ள கிடக்கு.

அப்புறம் அவனே ஒரு கடிதம் எழுதுனான். நாலே வரி. நான் குகநேசன், நான் உயிரோட இருக்கேன், என் மனைவி எங்க, கீழே இந்தக் கடை விலாசம். நான் ஸ்டாம்பு வைக்கவான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டான்.

பொங்கல் முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். வந்தான். ஊருல அவங்க இருந்த பக்கம் குண்டு விழுதாம், அவங்க அங்கதான் எங்கயாவது ஒளிஞ்சுக்கிட்டு இருப்பாங்களாம், இனி இருக்க ஏலாதாம். திரும்பிப் போகப் படகு பேசிட்டான். நான் போகாதன்னு சொல்லல. எப்படிச் சொல்ல? எங்கன்னு தெரிஞ்சா சொல்லலாம். படச் சுருளை எல்லாம் என்கிட்ட குடுத்துட்டு, “சனிக்கிழமையில ஒருக்கா கேட்டுப் பாருங்கோ அண்ணை”ன்னுட்டுப் போனான்.

பரிசு வந்திருந்துச்சு அப்ப. கையடக்க ரேடியோ, பேட்டரி போட்டது, சட்டைப் பையில வைக்கலாம். அந்தக் கண்ணாடி அலமாரியில இருக்கு பாருங்க, பிளாஸ்டிக் உறையக்கூடப் பிரிக்கல. அவன் போகும்போது அதை எடுத்துக் குடுத்திருக்கலாம். அவன் படத்துக்கு வந்ததுதானே. தோணல எனக்கு. அவன் பஸ் ஏறிப் போன பொறவு தோணுச்சு.

பதினேழு நாள் கழிச்சு, இந்தா நீங்க வந்த மாதிரியே வாசல்ல ஒரு பொண்ணு வந்து நின்னா. இடுப்புல பை, ஒரு கையில அஞ்சு வயசுப் புள்ளை. இன்னொரு கையில ஒரு கடிதம். அவன் எழுதுன நாலு வரி. ஸ்டேஷன்காரன் அதை அப்படியே அவ விலாசத்துக்கு அனுப்பியிருக்கான். எங்க விலாசம் தெரியுமா? வட ஆர்க்காட்டுப் பக்கம் ஒரு முகாம். இதே தமிழ்நாடும்மா! பின்னால வேற படகுல வந்து எட்டு மாசமா அங்கதான் இருந்திருக்கா. பஸ்ஸுல ஒரு ராத்திரி தூரம்.

“அவர் எங்க அண்ணை?”ன்னா.

நான் முதல்ல உக்காரச் சொன்னேன். எம் பொண்டாட்டி டீ போட்டா. அப்புறம் சொன்னேன். எல்லாம் சொன்னேன். மூணு நிமிஷத்தை மட்டும் சொல்லல. அன்னைக்கி ரேடியோ சரியா எடுக்கலைன்னு சொன்னேன். ஒரு வகையில அது உண்மைதானே? நூலு வழுக்கிச்சுல்லா? இன்னைக்கித்தான் முதல் தடவையா ஒரு ஆளுகிட்ட இதைச் சொல்லுதேன். உங்க புஸ்தகத்துல வேண்டாம். இல்ல, போடுங்க. நீங்களே பாத்துச் செய்ங்க.

அவன் ஏறுன படகைப் பத்தி இன்னைக்கி வரைக்கும் ஒரு தகவலும் இல்ல.

லோஜினி மனு மேல மனு போட்டு எங்க ஊர் முகாமுக்கே மாறி வந்துட்டா. படச் சுருளை எல்லாம் அவகிட்டயே குடுத்துட்டேன், அவ வழியாத்தானே உங்க கைக்கு வந்தது. அவனைத் தேடி ஸ்டேஷனுக்கு இந்தத் தடவை அவளையே எழுதச் சொன்னேன். மார்ச்சு கடைசியில பருவம் மாறுச்சு, நிகழ்ச்சி திரும்ப வந்துச்சு. ரெண்டாவது சனிக்கிழமை இதே கடையில மூணு பேரும் உக்காந்திருந்தோம், நான், லோஜினி, அந்தப் புள்ளை. அன்னைக்கின்னு பாத்து அப்படி ஒரு தெளிவு. ஒரு இரைச்சல் இல்ல, ஒரு விசில் இல்ல. அந்த அம்மா வாசிக்குது: ‘சித்திர ஆசிரியர் குகநேசன். தேடுபவர் இருப்பது இந்தியா, தமிழ்நாடு...’ எங்க ஊர் பேரு, இந்தக் கடை விலாசம். ‘தேடுபவர்கள், மனைவி லோஜினி, மகள் தர்சிகா.’

லோஜினி முந்தானைய வாயில அமுக்கிக்கிட்டா. அழக்கூட இல்ல. நான் தரையப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

அந்தப் புள்ளை எந்திரிச்சு ரேடியோ பக்கத்துல வந்து, துணி மூடியிருந்த ஸ்பீக்கர்ல காதை வச்சுக்கிட்டு நின்னுச்சு. “மாமா, அப்பான்ர பேர் சொல்லிப்போட்டினம். இனி அப்பா கதைப்பாரோ?”ன்னு கேட்டுச்சு.

நிகழ்ச்சி முடிஞ்சுச்சு. செய்தி வந்துச்சு. வானிலை சொன்னான். வணக்கம் சொல்லி ஸ்டேஷனை மூடிட்டான். புள்ளை காதை எடுக்கல. நானும் ரேடியோவ நிப்பாட்டல.